அடுத்த விமானம்

பெரியவன் இரண்டு டிக்கெட்டுகளையும் சாப்பாட்டு மேசைமேல் வைத்தபோதே அம்மாவுக்கு விஷயம் விளங்கிவிட்டது. ஒன்று வெள்ளிக்கிழமை விமானத்துக்கு, மற்றது சனிக்கிழமை விமானத்துக்கு. போகிற ஊர் ஒன்று, தங்குகிற அறை ஒன்று, விமானம் மட்டும் இரண்டு. மருமகள் அந்தத் தாள்களைப் பார்க்கவே பிடிக்காமல் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்து, மடியில் தூங்கும் கைக்குழந்தையின் காலுறையைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருந்தாள்.

"நீங்களே கேளுங்க அத்தை. கல்யாணமாகி இப்பதான் முதல் தடவையா வெளிநாடு போறோம். அதுக்கு இவர் ஒரு நாள் முன்னாடி தனியா போவாராம். நான் பின்னாடி பார்சல் மாதிரி வந்து சேரணுமாம்."

"பார்சலுக்கு ஜன்னல் சீட் தரமாட்டாங்க. உனக்கு வாங்கியிருக்கேன்," என்றான் பெரியவன்.

சோபாவில் காலை நீட்டிப் படுத்திருந்த சின்னவன் சிரித்தான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வந்தவன் அவன். அண்ணன் வீட்டுச் சண்டையை வேடிக்கை பார்ப்பதற்காகவே சாப்பிட்ட பிறகும் கிளம்பாமல் இருந்தான்.

"சிரிக்காதடா. இது அப்பா போட்ட சட்டம்," என்றான் பெரியவன். "ரெண்டு சின்னப் பிள்ளைங்களை விட்டுட்டுப் போறோம். ஒரே ப்ளேன்ல போய் ஏதாவது ஆச்சுன்னா யாரு பார்ப்பா? அப்பா நமக்குன்னு விட்டுட்டுப் போனது இது ஒண்ணுதான்."

மருமகள் அம்மாவைப் பார்த்தாள். "போன வாரம் மாடிப்படி ஏறும்போது பாதியிலேயே உட்கார்ந்துட்டார் அத்தை. பிரஷர் மாத்திரையை ரெண்டு நாள் மறந்திருக்கார். இவர் போய் ஒரு நாள் முழுக்க அந்த ஊர்ல தனியா இருக்கணுமா?"

"வயிறு நிறைய சாப்பிட்டுட்டு ஏறினேன், அவ்வளவுதான்," என்றான் அவன்.

 அம்மா கழுவிய தட்டு கையிலேயே நின்றது. கடைசியாகக் கிளம்பிய அன்று இவன் அப்பாவும் இப்படித்தான் சொன்னார். நெஞ்சைத் தடவிக்கொண்டே, நேற்றுச் சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்றார். அவள் பிள்ளைகளிடம் இத்தனை வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்த ஒரு விஷயம் உண்டு. சொன்னால் இவன் தனியாகப் போகமாட்டான். சொன்னால் வேறொன்றும் நடக்கும், அதற்குப் பயந்துதான் வாயைக் கட்டி வைத்திருந்தாள்.

அவள் புருஷனுக்கு ஊர் வைத்த பெயர் தராசு. லாரியோடு சேர்த்து நிறுக்கிற பெரிய எடைமேடைகளை நிறுவுவது அவர் வேலை. அந்தத் தொழில் கைக்குள்ளேயே புகுந்துவிட்டது. பெட்டியை ஒரு தடவை தூக்கிப் பார்த்து இத்தனை கிலோ என்பார், சரியாக இருக்கும். சின்னவன் பிறந்தபோது நர்ஸ் நிறுப்பதற்கு முன்னாலேயே எடையைச் சொல்லி, "அப்புறம் நான் எதுக்கு?" என்று அந்த நர்ஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

சிரித்துப் பேசுகிற மனிதர்தான். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் ஒற்றைக் காலில் நிற்பார். அவருடைய அப்பாவும் அம்மாவும் ஒரே பேருந்தில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர்கள், இரண்டு பேருமே திரும்பவில்லை. அப்போது அவர் பள்ளிக்கூடத்துப் பையன். சித்தப்பா வீடு, மாமா வீடு, அத்தை வீடு என்று முறை வைத்து வளர்த்தார்கள். யாரும் அடிக்கவில்லை, பட்டினி போடவில்லை. ஆனால் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று கேட்க நாக்கு எழாத பிள்ளையாக வளர்ந்தார். பெரியவன் பிறந்த அன்றே சட்டம் போட்டுவிட்டார்: பிள்ளைகளை விட்டுவிட்டு நெடுந்தூரம் போனால் இரண்டு பேரும் ஒரே வண்டியில் ஏறக் கூடாது. ஊருக்குள் ஸ்கூட்டரில் போகலாமாம். சட்டம் போடுகிறவர்களுக்கு விலக்குப் போடவும் நன்றாகத் தெரியும்.

கம்பெனி அவரை வெளிநாட்டுத் துறைமுகங்களுக்கு அனுப்பும். வேலை முடிந்ததும் சில நாள் லீவு போட்டு அவளையும் வரச் சொல்வார். வேலை இல்லாத பயணமென்றாலும் அவர் ஒரு நாள் முன்னால் போவார், அவள் மறுநாள் போவாள். திரும்பும்போது அவள் முதலில், அவர் அடுத்த விமானத்தில். பிள்ளைகளோடு வீட்டில் இருக்க அவளுடைய அக்கா வந்துவிடுவாள். "உலகத்துலேயே தனித்தனியா தேனிலவு போற ஜோடி நீங்கதான்டி," என்று அக்கா கேலி செய்வாள்.

முதல் தடவை அவள் பயந்து நடுங்கிக்கொண்டு விமானத்தை விட்டு வெளியே வந்தால், வரவேற்கிறவர்கள் கூட்டத்தில் இவர் ஓர் அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். "அதிக எடை, கூடுதல் கட்டணம்" என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. அவளுக்கு மானம் போயிற்று. அந்த ஊரில் அதைப் படிக்க வேறு ஆள் கிடையாது என்ற தைரியம் அவருக்கு. அதற்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் ஏதாவது ஒரு வாசகம். விமானம் இறங்கும்போதே இந்த முறை என்ன எழுதி மானத்தை வாங்கப் போகிறாரோ என்று அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு சிரிப்பாள்.

அந்த ஊர்களில் அவர்கள் பெரிதாக எதையும் பார்க்கவில்லை. ஒரு தட்டு வாங்கி இரண்டு பேர் சாப்பிட்டார்கள். வரைபடத்தைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு வழியில் சண்டை போட்டார்கள். ஆற்றங்கரை பெஞ்சில் உட்கார்ந்தால் பெரியவனுக்குப் பல் விழுந்ததையும் சின்னவன் சோப்பைத் தின்றதையும் பேசினார்கள். "இதைப் பேசறதுக்கா இவ்வளவு தூரம் வந்தோம்? வீட்லயே பேசியிருக்கலாமே," என்றாள் அவள். "வீட்ல அவனுங்க பேச விட்டாத்தானே," என்றார் அவர். திரும்பும்போது ஒரே மாதிரி பொம்மை இரண்டு வாங்குவார்கள். நிறம் மாறியிருந்தால்கூட வீட்டில் போர் மூண்டுவிடும்.

அவளுக்கு ஒரே ஒரு குறை. ஒரு தடவையாவது அவர் பக்கத்தில் உட்கார்ந்து மேகத்தைப் பார்க்க வேண்டும். கேட்டால், "பசங்களுக்கு மீசை முளைக்கட்டும். அப்புறம் ஒண்ணா போவோம். உன் தோள்ல சாய்ஞ்சு வழியெல்லாம் குறட்டை விடறேன், போதுமா?" என்பார்.

கடைசித் தடவை போனபோது பெரியவன் இரண்டாம் வகுப்பு, சின்னவன் பள்ளிக்கூடமே சேரவில்லை. அவளுக்கு விமானத்தில் ஜன்னல் சீட் கிடைத்தது. யாருடைய மூக்கையும் துடைக்க வேண்டியதில்லை, யாருக்கும் ஊட்ட வேண்டியதில்லை. சூடு ஆறுவதற்குள் ஒரு சாப்பாட்டை முழுதாகச் சாப்பிட்டாள். இனிப்பைக்கூட மிச்சம் வைக்கவில்லை. இறங்கி வெளியே வந்தால் அட்டையும் இல்லை, ஆளும் இல்லை. மூக்குக்கு மேல் கோபம் வந்தது. தூங்கிப்போயிருப்பார், வரட்டும், இன்றைக்குப் பேசப் போவதில்லை என்று பெட்டிமேல் உட்கார்ந்தாள். கூட்டம் கலைந்து வேறு கூட்டம் வந்து அதுவும் கலைந்த பிறகுதான் வாடகைக் கார் பிடித்தாள். ஓட்டல் வரவேற்பில் இருந்த பெண் அவள் பெயரைக் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டாள்.

ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டர் அவளுக்குப் பாதி புரிந்த பாஷையில் மெதுவாகச் சொன்னான். கட்டிலுக்கும் கதவுக்கும் நடுவில் கிடந்திருக்கிறார். தொலைபேசியை இழுத்துக் கீழே தள்ளியிருக்கிறார். உடனே போன உயிர் இல்லை, ரொம்ப நேரம் போராடியிருக்கிறது. பக்கத்தில் ஓர் ஆள் இருந்திருந்தால் காப்பாற்றியிருக்கலாம். அந்தப் பையன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எதைச் சொல்லக் கூடாது என்று தெரிகிற வயசு அவனுக்கு வரவில்லை, அவ்வளவுதான். அந்த நேரத்தில் தான் எங்கே இருந்தோம் என்று கணக்குப் பார்க்கவே கூடாது என்று அவள் நினைத்தாள். ஆனால் பார்த்துவிட்டாள். கடலுக்கு மேலே இனிப்புத் தின்றுகொண்டிருந்தாள்.

வீட்டுக்கு வந்து பிள்ளைகளிடம், "தூக்கத்துலயே போயிட்டார். அப்பாவுக்கு வலிக்கவே இல்லை," என்றாள். பெரியவன் சுவரில் முகத்தைப் புதைத்து அழுதான். சின்னவன் அழவில்லை. துக்கம் கேட்க வந்தவர்களை எல்லாம் வாசலில் நிறுத்தி அவன்தான் சமாதானம் சொன்னான். "அம்மா இந்த ப்ளேன்ல வந்துட்டாங்க. அப்பா அடுத்த ப்ளேன்ல வருவாரு." அவனுக்கு அப்படித்தானே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வந்தவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.

அதற்குப் பிறகு வானத்தில் சத்தம் கேட்டால் போதும், தட்டை அப்படியே போட்டுவிட்டு மொட்டை மாடிக்கு ஓடுவான். அவள் தடுக்கவில்லை. தடுத்து என்ன சொல்வது? கடைசியில் ஒருநாள் பெரியவன்தான் மாடிப்படியில் மறித்து அவன் முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தான். "அடுத்த ப்ளேன் கிடையாதுடா. இனிமே கிடையவே கிடையாது." அன்று இரண்டு பேரும் ஒரே போர்வைக்குள் புகுந்துகொண்டு அழுதார்கள். அவள் போர்வைக்கு வெளியே உட்கார்ந்து இரண்டு முதுகுகளையும் மாற்றி மாற்றித் தடவிக்கொண்டிருந்தாள்.

பிறகு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். பிரேமுக்கு ஏற்றபடி கண்ணாடியை விளிம்பு தேய்த்துப் பொருத்துகிற வேலை. நாள் முழுக்கச் சக்கரத்தில் தண்ணீர் தெறிக்கும், நகக்கண்ணில் கண்ணாடித்தூள் ஏறும். பள்ளிக்கூடம் விட்டதும் பையன்கள் கடையின் பின்னறைக்கு வந்துவிடுவார்கள். சாம்பிள் கண்ணாடிகளை மாட்டிக்கொண்டு டீச்சர் மாதிரி நடித்து ஒருவரை ஒருவர் மிரட்டுவார்கள். பெரியவனின் கால்சட்டை சின்னவனுக்கு இறங்கும், சின்னவன் அதற்காக வருடா வருடம் அழுவான். காய்ச்சல் வந்தால் இருவருக்கும் சேர்ந்தே வரும். இதற்கு நடுவில் எப்போதாவது ஒருவன், "அப்பா தூங்கும்போது நீ பக்கத்துல இல்லையாம்மா?" என்று கேட்பான். "மறுநாள்தானே போனேன்," என்று பூசி மெழுகிவிடுவாள். உண்மையைச் சொன்னால் பிள்ளைகள் நிமிடத்தில் கணக்குப் போட்டுவிடுவார்கள் என்று அவளுக்குத் தெரியும். அம்மா பக்கத்தில் இல்லாததற்குக் காரணம் சட்டம். சட்டம் யாருக்காக? அந்த இடத்துக்கு அவர்கள் வந்து சேரவே கூடாது என்றுதான் இத்தனை வருடம் காவல் இருந்தாள்.

இப்போது தட்டை வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"டிக்கெட்டை மாத்துடா. ரெண்டு பேரும் ஒண்ணா போங்க."

"அம்மா, அப்பா சொன்னதை..."

"அப்பா சொன்னது தப்பு."

அந்த வீட்டில் யாரும் அப்படி ஒரு வார்த்தை பேசியதில்லை. சின்னவன் எழுந்து உட்கார்ந்தான்.

"அவர் தூக்கத்துல போகலைடா. நெஞ்சு வலி வந்து எழுந்திருக்கார். கதவு வரைக்கும் போகப் பார்த்திருக்கார், முடியலை. ரொம்ப நேரம் கிடந்திருக்கார். யாராவது பக்கத்துல இருந்திருந்தா பிழைச்சிருப்பார்னு டாக்டர் சொன்னான். நான் பக்கத்துல இல்லை. ப்ளேன்ல இருந்தேன்." அவள் மருமகளைக் காட்டினாள். "இவ பக்கத்துல இருக்கட்டும். எனக்கு அவ்வளவுதான் வேணும்."

மருமகள் குழந்தையை மார்போடு இறுக்கிக்கொண்டாள். சின்னவன்தான் முதலில் வாயைத் திறந்தான்.

"நீயும் அப்பாவும் ஒரு தடவைகூட ஒரே ப்ளேன்ல வந்ததில்லையாம்மா?"

"வந்தோம். ஒரே ஒரு தடவை. நான் மேல உட்கார்ந்திருந்தேன். அவர் கீழ சாமான்களோட வந்தார்."

சின்னவன் முகத்தை மூடிக்கொண்டான். பெரியவன் டிக்கெட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் நெற்றி சுருங்குவதை அவள் கவனித்தாள். சின்ன வயதில் பெருக்கல் கணக்குப் போடும்போது அந்த நெற்றி அப்படித்தான் சுருங்கும்.

"அப்போ, எங்களுக்காகத்தானே அந்தச் சட்டம்," என்றான் மெதுவாக. "எங்களாலதான் அப்பா தனியா இருந்தாரா?"

இந்தக் கேள்விக்கான பதிலை அவள் என்றைக்கோ தயார் செய்து வைத்திருந்தாள். ஒரே ஒரு சொல். கடையில் சக்கரம் சுற்றும்போதெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்த சொல். ஆனால் நிமிர்ந்து பார்த்தால் எதிரே அவர் வயசில், அவர் முகத்தோடு ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். 

"இல்லடா," என்றாள். சொல்லத்தான் செய்தாள், கொஞ்சம் தாமதமாகச் சொன்னாள்.

பெரியவன் தலையை ஆட்டினான். போனை எடுத்து டிக்கெட் போடும் ஆளைக் கூப்பிட்டு, ரெண்டு பேருக்கும் ஒரே நாள், பக்கத்துப் பக்கத்து சீட் என்று தெளிவாகச் சொன்னான். பேசி முடித்த பிறகும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"இல்லடா, உங்களால இல்லடா," என்று அவள் இன்னும் இரண்டு முறை சொன்னாள். யாரும் அவளை மறுத்துப் பேசவில்லை.