பட்டு என்று வாங்கிய சால்வை

என் சாயப்பட்டறைக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் துணியைப் பற்றிப் புளுகிவிட்டுத்தான் கொடுப்பார்கள். "சுத்தப் பருத்திக்கா" என்பார்கள். நான் நம்புவதில்லை, சாயமே உண்மையைச் சொல்லிவிடும். பருத்தியாக இருந்தால் உப்பும் சோடாவும் போட்ட சாயத்தை வயிறு முட்டக் குடித்துவிடும். பட்டுக்குச் சூட்டோடு கொஞ்சம் வினிகர் போதும். பாலியஸ்டர்தான் கல்லுளிமங்கன். மணிக்கணக்கில் ஊறினாலும், அலசியதும் பழையபடி வெளுத்துப் போய் நிற்கும்.

அன்று காலை ஒரு பெண் வெள்ளைச் சால்வை ஒன்றைக் கொடுத்தாள். போன வருடம் இறந்துபோன அம்மாவுடையதாம். "நல்ல பட்டுக்கா, செவப்பு ஏத்திக் குடுங்க" என்றாள்.

மதியம் அவளுடைய அப்பா மூச்சு வாங்க வந்தார்.

"அம்மா, துணி பழசு, சாயம் போட்டா கிழிஞ்சிடும்னு எம் பொண்ணுகிட்ட சொல்லிடுங்க."

"ஏன்யா?"

"அது பட்டே இல்லம்மா. கல்யாணமான புதுசுல பட்டுன்னு சொல்லி வாங்கிக் குடுத்தேன். கடைசி வரைக்கும் அவ நம்பிட்டா. இப்ப பொண்ணுக்குத் தெரிஞ்சா, அம்மாவ ஏமாத்தினவன்னு நெனைப்பா."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. "முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்க என்னால ஆகாது. நாளைக்கே வேற பட்டறைல குடுத்தா என்ன பண்ணுவீங்க?" என்று சொல்லிக்கொண்டே சால்வையைப் பிரித்தேன்.

ஓரத்து உள்மடிப்பில் விரலளவுக்கு ஒரு மங்கிய சிவப்பு. பக்கத்தில் நீல நூலில் ஒரு முடிச்சு. எந்தத் துணியின் ஓரத்தையும் சாயத்தில் முக்கிப் பார்த்துவிட்டு இப்படி முடிச்சுப் போடுவது நான்தான்.

நினைவு வந்துவிட்டது. "இது பாலியஸ்டர்" என்று நான் வெடுக்கென்று சொன்னபோது சிரித்தவள் இதைக் கொண்டுவந்த அந்த ஒருத்திதான்.

"ஐயா, உங்க வீட்டம்மா எட்டு வருஷத்துக்கு முன்னாடி இதை இங்க கொண்டு வந்தாங்க."

அவர் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"பட்டு இல்லன்னு அவகிட்ட சொல்லிட்டீங்களா?"

"சொன்னேன். முதல் தடவ தொவைக்கும்போதே தெரியும்னாங்க. சாயம் ஏறுமான்னு பாக்கத்தான் வந்தாங்களாம். 'நான் பட்டுன்னு நம்பறேன்னு அவரு சந்தோஷமா இருக்காரு, அவரு காதுல மட்டும் போட்டுடாதீங்க'ன்னாங்க."

அவளுக்குக் கொடுத்த வாக்கை நான் மீறிவிட்டேன். வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த மனிதர் இதைத் தெரிந்துகொள்ளாமல் வீட்டுக்குப் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

அவர் சால்வையை வாங்கி அந்த நீல முடிச்சைத் தடவினார்.

"அவ என்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பீங்க?"

"பட்டுன்னுதான்" என்றார்.

பிறகு மகளுக்குப் போன் போட்டார். சால்வை பட்டு இல்லை என்பதைத் தடுமாறாமல் சொல்லிவிட்டார். "உங்கம்மாவுக்கு மொதல்லேர்ந்தே தெரியுமாம்" என்று சொல்லும்போதுதான் உடைந்து அழுதார்.