தொண்டையில் இறங்கும் நேரம்

வலது தோள்பட்டைக்குள் யாரோ ஆப்பு வைத்து அடித்தது போல வள்ளித்தாய்க்கு வலித்தது. விடிகாலை நாலரைக்குக் கடைக்கு வந்தவள் பன்னிரண்டு கிலோ மைதாவைப் பிசைந்து முடித்திருந்தாள். மாவு பிசைகிற மெஷினுக்கு முதலாளி ஜெனோ மூன்று வருடமாக விலை விசாரித்துக்கொண்டிருந்தான். அவள் கை ஓடுகிற வரைக்கும் விசாரித்துக்கொண்டேதான் இருப்பான்.

“பாதி மாவு ஃப்ரிட்ஜுல இருக்கு தம்பி. ராத்திரி வர தாங்கும். நான் கெளம்புதேன்” என்றாள்.

“எக்கா, ஆறு மணிக்கு அண்ணாச்சிக்கு மருந்து குடுத்திருங்க. ஆறரைக்கு மேசைல சாப்பாடு இருக்கும். இன்னைக்கு நீங்க கெஸ்ட்டு. அடுப்படிப் பக்கம் எட்டிப் பாத்தீய, மஞ்சுவ விட்டு வெரட்டச் சொல்லிருவேன்.”

பரிமாறுகிற மஞ்சு துடைப்பத்தைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள்.

தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற ரோட்டில், மேலகரம் தாண்டி இருந்தது அந்தப் பீட்சாக் கடை. ஆறு மேசை. பின்பக்கம் ஒரு விறகடுப்பு. ஜெனோ குவைத்தில் ஓர் இத்தாலிக்காரர் கடையில் ஒன்பது வருடம் சட்டி கழுவி, காய் நறுக்கி, கடைசியில் அடுப்புக்கு வந்தவன். சீசன் இல்லாத மாதங்களில் உள்ளூர்க்காரர்கள்தான் அவனுக்குச் சோறு போட்டார்கள். ரிட்டையர்டான ஏட்டு ஒருவர் வெள்ளிக்கிழமைதோறும் வந்து பாஸ்தாவுக்கு ஊறுகாய் கேட்பார். ஜெனோ முதலில் முறைத்தான். பிறகு பாட்டில் வாங்கி வைத்துவிட்டான்.

வள்ளித்தாய் வடகரையில் நாற்று நட்டவள்; ஆலங்குளம் பக்கம் சூளையில் செங்கல் சுமந்தவள். புருஷன் இசக்கியப்பன் தென்னை ஏறுகிறவன். மூன்று வருடமாக அவள் கூப்பிட்டும் அவன் கடைக்கு வரவில்லை.

“ரொட்டில தக்காளியத் தேச்சுக் குடுக்கதுக்கு இம்புட்டுத் துட்டு. அதத் திங்க நான் சட்ட போட்டுட்டு வரணுமாக்கும்?” என்பான்.

தை மாதம் அவன் குரல் கம்மியது. பங்குனியில் சோறு இறங்கவில்லை. திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் உணவுக்குழாயில் கட்டி என்றார்கள், முற்றிப்போச்சு என்றார்கள். வருகிற செவ்வாய்க்கிழமை வயிற்றில் ஓட்டை போட்டுக் குழாய் வைப்பதாக நாள் குறித்திருந்தார்கள். அதன் பிறகு வாய் வழியாக ஒன்றும் கிடையாது. அதுவரை ஒரு கசப்பு மருந்து கொடுத்திருந்தார்கள். குடித்து அரை மணி நேரத்தில் வலி அடங்கும். அதன்பின் ஒரு மணி நேரம், குழைவாக எது கொடுத்தாலும் தொண்டையில் இறங்கும். ஒரு நாளைக்கு இரண்டு தடவைதான் அந்த மருந்து.

வியாழக்கிழமை கஞ்சி குடித்துக்கொண்டிருந்தவன் தம்ளரைக் கீழே வைத்தான்.

“ஏட்டி, ஒங்கடைல ஒருநா உக்காந்து திங்கணும்.”

அவள் ஜெனோவிடம் சொன்னாள். அவன் யோசித்துவிட்டு, “பீட்சா ஆவாது. ரிசோட்டோ பண்ணுதேன். நம்ம அரிசிதான், குழைய விட்டு வெண்ணெயும் சீஸும் போடுவோம். ஞாயித்துக்கெழம கூட்டியாங்க” என்றான்.

அந்த ஞாயிறு மத்தியானமே மலையில் மழை கொட்டி, தண்ணீர் கூடி, மெயின் அருவியில் குளிக்கக் கூடாது என்று நிறுத்திவிட்டார்கள். குளிக்க வந்த கூட்டம் அத்தனையும் ரோட்டுக் கடைகளில் ஏறியது.

ஆறரைக்கு இசக்கியப்பனைக் கைத்தாங்கலாக ஆட்டோவிலிருந்து இறக்கினாள். வெள்ளைச் சட்டை போட்டிருந்தான். கழுத்துப்பட்டை மெலிந்த கழுத்தை விட்டு இரண்டு விரல் தள்ளி நின்றது. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் ஆறு மேசையும் நிறைந்திருந்தது. வாசலில் ஈரத் துண்டோடு இன்னும் பத்துப் பேர்.

ஜெனோ வேர்வையோடு ஓடி வந்தான். “அண்ணாச்சி, வாங்க வாங்க. எக்கா, நம்ம மேசைல மதுரைக்காரங்க உக்காந்துட்டாங்க. எந்திரிங்கன்னு சொல்ல முடியல. பத்தே நிமிஷம். இங்கன இருங்க.” வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினான்.

இசக்கியப்பன் உட்கார்ந்தான். அவள் நின்றாள். மருந்து வேலை செய்ய ஆரம்பித்திருந்தது. எச்சிலை விழுங்கிப் பார்த்து, பரவாயில்லை என்பது போலத் தலையாட்டினான்.

உள்ளேயிருந்து சத்தம் வந்தது. மாவைப் பலகையில் அடிக்கிற சத்தம். அடுப்பைப் பார்க்கிற பாண்டியராஜ் அடிக்கிறான் என்பது அவளுக்குக் கேட்ட உடனே தெரிந்தது. மாவு இழுபடாமல் கிழிகிறது. அவன் மறுபடி உருட்டுகிறான். மறுபடி கிழிகிறது. அதற்குள் அடுப்பு சும்மா எரியும். ஒரு மேசையும் எழுந்திருக்காது.

“இந்தா, ஒரு அஞ்சு நிமிஷம். அந்தப் பய மாவக் கொல்லுதான். போயி நாலு தட்டித் தந்துட்டு ஓடியாந்துருதேன். அப்பத்தான் நமக்கு மேச கெடைக்கும்.”

இசக்கியப்பன் அவள் முந்தானையை லேசாகப் பிடித்தான். பிறகு விட்டுவிட்டான்.

அவளை யாரும் கூப்பிடவில்லை. சின்ன வயதிலிருந்தே பக்கத்தில் வேலை நடக்கும்போது சும்மா நிற்க அவளுக்குத் தெரியாது. சூளையில் அப்படி நின்றவளை மறுநாள் வரச் சொல்ல மாட்டார்கள்.

“நீங்க எதுக்கு வந்தீய? வெளிய போங்கக்கா, கெஸ்ட்டு!” என்றான் ஜெனோ. அவன் கையில் இரண்டு சட்டி இருந்தது. அவள் பக்கம் திரும்பவில்லை. அவள் அதற்குள் சேலையை இடுப்பில் செருகியிருந்தாள்.

“எக்கா, சாமி மாரி வந்தீய” என்று பலகையை விட்டு விலகினான் பாண்டியராஜ்.

நான்கு தட்டினாள். ஆர்டர் சீட்டு மூன்று வந்தது. எட்டுத் தட்டினாள். சீட்டு ஐந்து வந்தது. ஒவ்வொன்றும் கடைசி என்றுதான் நினைத்தாள். தோள் எரிந்தது. அவள் தட்டத் தட்ட அடுப்பு காலியாகவில்லை.

முன்பக்கம் ஒரு மேசை எழுந்தது. மஞ்சு கதவைத் திறந்து, “அடுத்து யாரு?” என்று கேட்டாள். இசக்கியப்பனை அவள் அதற்கு முன் பார்த்ததில்லை. பார்சலுக்குக் காத்திருக்கிற பெரியவர் என்று நினைத்தாள். அவன் கையைத் தூக்கினான்; குரல் வரவில்லை. இரண்டு பிள்ளைகளோடு நின்ற ஒரு பெண் உள்ளே போனாள். இரண்டாவது மேசை எழுந்தபோது அவன் கையையும் தூக்கவில்லை.

வள்ளித்தாய் கையைக் கழுவிக்கொண்டு கடிகாரத்தைப் பார்த்தாள். ஏழு இருபது. உள்ளே வந்து முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. அடுப்புப் பக்கத்தில் ஒரு தட்டில் ரிசோட்டோ ஏடு கட்டிக் கிடந்தது.

அவள் ஓடினாள். மஞ்சுவிடம், “ஏட்டி, எங்க வீட்டுக்காரர உக்கார வச்சியா?” என்று கேட்டதும் மஞ்சு வாயில் கையை வைத்தாள்.

ஜெனோ ஒரு மேசையைத் துடைத்து, இசக்கியப்பனைத் தோளோடு அணைத்துக் கொண்டுவந்து உட்கார வைத்தான். பால் ஊற்றிச் சூடாக்கி, மறுபடி குழைத்து, புதுத் தட்டில் கொண்டுவந்தான். ஆவி பறந்தது. வள்ளித்தாய் எதிரில் உட்கார்ந்தாள். மூன்று வருடத்தில் அவள் அங்கே உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

இசக்கியப்பன் முதலில் விரலால் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்த்தான்.

“அம்பை பதினாறா?” காற்றாகத்தான் வந்தது.

“ஆமா அண்ணாச்சி. வடகரை நெல்லுதான். குவைத்துல போடுத அரிசி வாங்க நமக்குக் கட்டாது.”

அவன் சிரித்தான். ஒரு கரண்டி எடுத்து வாயில் வைத்தான். நாக்கில் வைத்தபடி வெகுநேரம் இருந்தான். விழுங்கினான். கண் பிதுங்கியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். போனது அப்படியே திரும்பி வந்தது. பாதி தட்டில், பாதி வெள்ளைச் சட்டையில். பக்கத்து மேசையில் ஒரு பையன், “அம்மா, அங்க பாரு” என்றான். அவன் அம்மா அவன் தலையை வேறு பக்கம் திருப்பினாள்.

“மெதுவா. தண்ணியக் குடிங்க” என்றாள் வள்ளித்தாய். தண்ணீரும் இறங்கவில்லை; மருந்தின் வேகம் போய்விட்டிருந்தது. அடுத்த மருந்துக்குக் காலை ஆறு மணி ஆக வேண்டும்.

அவன் தட்டைத் தள்ளிவிட்டான். “போவோம்.”

மறுநாள் மருந்து குடித்துவிட்டு, ஜெனோ தூக்குச் சட்டியில் கொடுத்தனுப்பியதை வாயில் வைத்தான். முதல் நாள் ஓங்கரித்ததில் உள்ளே கிழிந்த இடத்தில் வலி போகவே இல்லை; ஒரு வாயும் இறங்கவில்லை. செவ்வாய்க்கிழமை குழாய் வைத்தார்கள். நாற்பத்தோரு நாள் அந்தக் குழாயில் ஊசியால் கஞ்சித் தண்ணி ஏற்றினாள். ஆவணியில் செத்துப்போனான்.

ஜெனோ துட்டி கேட்க வந்தான். ஒரு மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்துவிட்டு, சாவு வீட்டு வழக்கப்படி சொல்லிக்கொள்ளாமலே எழுந்து போனான்.

பதினாறாம் நாள் கழிந்து அவள் வேலைக்கு வந்தாள். அடுப்படி மூலையில் மாவு பிசையும் மெஷின் ஒன்று புதிதாக நின்றது. பதினோரு மணிக்கு, ஆள் வருவதற்கு முன், ஜெனோ ஜன்னலோர மேசையில் ஒரு தட்டை வைத்தான்.

“உக்காருங்கக்கா. ஒரு வாய் சாப்பிடுங்க.”

“எனக்கு வேண்டாம் தம்பி.”

“எம்மேல கோவமா?”

“ஒம்மேல என்ன கோவம்? நீ போகச் சொன்ன. நாந்தான் போகல.”

ஜெனோ மேசை விளிம்பைத் தேய்த்துக்கொண்டிருந்தான். “வாயால சொன்னேன். பிடிச்சு வெளிய தள்ளலயே. ரெண்டு கை கூடக் கெடச்சா அன்னைக்கு ஓட்டிரலாம்னுதான் எனக்கும் இருந்துச்சு. அந்தக் கடன எப்படியாவது தீக்கணும்க்கா.”

“நீ என்னத்தத் தீப்ப?” என்றாள் வள்ளித்தாய். குரல் உயரவில்லை. “அவுகளுக்கு இருந்ததே ஒரு மணி நேரம். அதுல முக்கா மணி நேரத்த ஊரான் பீட்சாவுக்குக் குடுத்தது நீயில்ல, நானு. அவுகளுக்கு முக்கா மணி நேரம் நாந்தான் பாக்கி.”