இரைச்சல் பட்டியல்

ஆய்வகத்தில் அவளுக்குச் சல்லடைக்காரி என்று பெயர். முகத்துக்கு நேராகவே அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவளும் திரும்பிப் பார்த்தாள். ஏழு வருடம் உட்கார்ந்து எழுதிய மென்பொருளுக்கு அவளே வைத்த பெயர் சல்லடை. ஒரு மனிதனின் மரபணுத் தொகுதியை எழுத்தெழுத்தாகப் படித்துப் பொது மாதிரியோடு ஒப்பிட்டால் நாற்பது ஐம்பது லட்சம் இடங்களில் வித்தியாசம் வரும். பெரும்பாலானவை மூக்கு நீளம், முடிச் சுருள் மாதிரி யாருக்கும் கெடுதல் செய்யாத சமாச்சாரங்கள். ஆளைப் படுக்கையில் தள்ளிய ஒரே ஓர் எழுத்துப்பிழை அதற்குள் எங்கோ பதுங்கியிருக்கும். சலித்துச் சலித்து அதைப் பத்துப் பதினைந்து வரிகளுக்குள் கொண்டுவந்து டாக்டர் மேசையில் வைப்பதுதான் சல்லடையின் வேலை. நாற்பது ஆய்வகங்கள் அதை எடுத்துப் பயன்படுத்தின. நன்றி சொன்னவர்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். குறை சொல்கிறவர்களுக்கென்று தனி அஞ்சல் பெட்டியே வைக்க வேண்டியிருந்தது.

வெளியில் அவள் என்ன காரணம் சொன்னாலும், அதை எழுதியது தம்பிக்காக. தம்பி லிஃப்ட் மெக்கானிக். பத்தொன்பது வயதில் வலிப்பு வர ஆரம்பித்தது. எடுக்காத ஸ்கேன் இல்லை, பார்க்காத டாக்டர் இல்லை. ஏன் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. டாக்டர்களும் குத்துமதிப்பாக மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அவனுடைய மரபணு விவரத்தைச் சல்லடையின் முதல் சோதனைக் கோப்பாக அவள் வைத்துக்கொண்டாள். உலகத்துத் தரவுத்தளங்கள் புதுப்பிக்கப்படும்போதெல்லாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதை மறுபடி ஓட்டுவாள். மரபணுவை நீளநீளமான துண்டுகளாகப் படிக்கும் புது இயந்திரம் வந்தபோது அவன் ரத்தம் எடுத்து அதிலும் போட்டாள்.

"வலையில ஏதாவது மாட்டுச்சாக்கா?" என்று தம்பி செய்தி அனுப்புவான்.

"தண்ணிதான்டா வந்துச்சு" என்று பதில் போடுவாள்.

போன வருடம் அவனுக்கு அடுக்கடுக்காக வலிப்பு வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்து, புது மாத்திரையோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் ஆள் சரிய ஆரம்பித்தான். முதலில் கால் தடுமாறியது, பிறகு பேச்சு இழுத்தது. லிஃப்ட் குழிக்குள் கயிறு பிடித்து இறங்கியவன் இப்போது சட்டைப் பொத்தான் போடப் பத்து நிமிடம் எடுத்துக்கொண்டான். நோய் முற்றுகிறது என்றார் நரம்பு டாக்டர். என்ன நோய் என்றுதான் அவருக்கும் தெரியாது.

இனி அவள் கணவன். அவன் புள்ளியியல் படித்தவன் என்பதால் ஆய்வகத்தில் அவனுக்குப் புள்ளி என்று பெயர். போன வருடம் குழுத்தலைவன் ஆனதும் பெரும்புள்ளி ஆக்கிவிட்டார்கள். அவள் எழுதிய நிரலுக்கு அவன் கணக்குப் போட்டுக் கொடுக்கப் போய், அது கல்யாணத்தில் முடிந்தது. அலுவலகத்தில் அவனை நீங்க என்பாள், வீட்டில் நீ. ஐந்து வருடமாக அந்தக் கோட்டை இருவரும் தாண்டியதில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, குறைப்பெட்டியில் ஒரு கடிதம் வந்து கிடந்தது. எங்கோ ஒரு நாட்டில் குழந்தைகள் டாக்டராக இருக்கும் ஒரு பெண்மணி எழுதியிருந்தார். வலிப்பால் அவதிப்படும் ஒரு சிறுமியின் விவரத்தைச் சல்லடையின் இரண்டு வருடப் பழைய பதிப்பில் ஓட்டினால் அடிவரிசையில் ஒரு ஜீன் தெரிகிறதாம். புதிய பதிப்பில் ஓட்டினால் அது இருந்த சுவடே இல்லையாம். "உங்கள் சல்லடையில் ஓட்டை பெரிதாகிவிட்டதா?" என்று முடித்திருந்தார்.

அவளுக்குச் சுருக்கென்றது. சல்லடையைக் குறை சொன்னால் வயிற்றுப்பிள்ளையைக் குறை சொன்ன மாதிரி. கையிலிருந்த வேலையைத் தள்ளிவைத்துவிட்டுப் பழசையும் புதுசையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடினாள். ஒன்றரை மணி நேரத்தில் கிடைத்தது. கிடைத்த இடத்தைப் பார்த்துத்தான் அவளுக்கு வெட்கமாக இருந்தது. அது இரைச்சல் பட்டியலில் இருந்தது.

இரைச்சல் பட்டியல் அவளே கண்டுபிடித்த ஏற்பாடு. சில ஜீன்களைப் படிக்கும்போது இயந்திரம் எப்போதும் தடுமாறும். யாரைப் படித்தாலும் அங்கே கோளாறு இருப்பதாகக் காட்டும். அந்த வீண் கூச்சலைக் கேட்டு டாக்டர்கள் ஏமாறக்கூடாது என்று அவற்றின் பெயர்களை ஒரு பட்டியலில் போட்டு, இவற்றைத் திரும்பிப் பார்க்காதே என்று சல்லடைக்குச் சொல்லியிருந்தாள். எழுநூற்றுச் சொச்சம் பெயர்கள். தானே செய்தது என்பதாலேயே அந்தப் பட்டியலை அவள் பல காலமாகத் திறந்து பார்க்கவில்லை. சொந்த வீட்டுப் பரணை யார் மாதாமாதம் ஏறிப் பார்க்கிறார்கள்?

அந்த ஜீன் ஐந்நூற்றுப் பன்னிரண்டாவது வரியில் இருந்தது. பட்டியலில் ஒரு பெயரைச் சேர்க்க வேண்டுமென்றால் ஒருவர் சேர்க்க வேண்டும், இன்னொருவர் பார்த்துச் சம்மதம் போட வேண்டும். பதிவேட்டைத் திறந்தாள். சேர்த்தது: புள்ளி. காரணம்: அதிக இரைச்சல். சம்மதம்: அவளே.

அவள் சம்மதம் போடவில்லை. தேதியைப் பார்த்தாள், பதினோரு மாதம் முன்பு. அன்றைக்கு அவள் ஆஸ்பத்திரி நடைவழியில் இருந்தாள். உள்ளே தம்பிக்கு ஆறாவது வலிப்பு. போனில் கணவனிடம் சொன்னாள், என் கடவுச்சொல் உனக்குத் தெரியும்ல, ஒரு வாரத்துக்கு என் பேர்லயும் நீயே ஓகே போட்டுடு என்று. இவர்கள் தொழிலில் செய்யவே கூடாத காரியம் அது. புருஷன் பெண்டாட்டி ஒரே இடத்தில் வேலை பார்த்தால் செய்யத் தோன்றும் காரியமும் அதுதான்.

கைப்பிசகாக இருக்கும் என்றுதான் முதலில் நினைத்தாள். வரியை எடுத்தாள். எதை மாற்றினாலும் சோதனைக் கோப்புகளை ஓட்டிப் பார்ப்பது வழக்கம். முதல் கோப்பு தம்பியுடையது. ஓடி முடிந்தபோது பட்டியலின் உச்சியில் அதே ஜீன் வந்து நின்றது. பக்கத்தில், போன வருடம் புதிதாக வந்த ஏஐ நிரல் கொடுத்த மதிப்பெண்: நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு. முன்பெல்லாம் ஆயிரத்தோடு ஆயிரத்தொன்றாக அடிவரிசையில் கிடந்த வரி அது. ஏஐ வந்துதான் அதைக் கைதூக்கி மேலே விட்டிருந்தது.

அவளுக்கு அழுகை வந்தது. சந்தோஷத்தில்தான். ஏழு வருடத் தேடல் ஒற்றை வரியில் வந்து உட்கார்ந்திருந்தது. தம்பிக்குச் சொல்லப் போனைக்கூடக் கையில் எடுத்துவிட்டாள். அப்புறம்தான் அந்த ஜீன் உண்மையிலேயே இரைச்சல் போடுகிறதா என்று பார்க்கத் தோன்றியது. தன்னிடமிருந்த, நோயில்லாத எட்டாயிரம் பேர் விவரத்தில் தேடினாள். அப்படி ஒரு அமைதியான ஜீனை அவள் பார்த்ததில்லை. எட்டாயிரம் பேரில் ஒருவருக்கும் அங்கே ஒரு கீறல்கூட இல்லை. இது புள்ளிக்குத் தெரியாமல் இருக்காது. அந்தக் கணக்கைப் போடுவதே அவன்தான்.

எழுந்து அவன் அறைக்குப் போனாள்.

"ஐந்நூத்திப் பன்னெண்டாவது வரியைச் சேர்த்தது நீயா?"

அலுவலகத்தில் அவள் அவனை நீ என்றது அதுதான் முதல் தடவை. அவன் எழுந்து போய்க் கதவைச் சாத்தினான். அதிலேயே பாதி பதில் வந்துவிட்டது.

"உக்காரு. சொல்றேன்."

"நின்னுக்கிறேன். சொல்லு."

"அந்த ஜீனுக்கும் வலிப்புக்கும் சம்பந்தம் இருக்குன்னு முதல்ல பார்த்தது நாமதான். இன்னொரு குரூப்பும் அதுக்குப் பக்கத்துல வந்துட்டு இருந்தாங்க. அவங்களும் சல்லடையைத்தான் ஓட்டுறாங்க. பட்டியல்ல போட்டுட்டா அவங்க கண்ணுல படாது. நம்ம ஆராய்ச்சிப் பேப்பர் வந்ததும் எடுத்துடலாம்னு நினைச்சேன்."

"யாரோட விவரத்துல பார்த்தே?"

அவன் மேசையைப் பார்த்தான்.

"என் தம்பியோடதுல."

"அந்த வாரம் புது ஏஐயைச் சோதனைக் கோப்புல ஓட்டிப் பார்த்தேன். அவன்தான் முதல்ல. அப்புறம் அங்க இங்க தேடி இன்னும் இருபத்தோரு பேர் கிடைச்சாங்க. அவன் பேரு எங்கயும் இல்ல. பேப்பர்ல ஒன்பதாம் நோயாளின்னுதான் போட்டிருக்கு."

அதை ஓர் ஆறுதல் மாதிரிச் சொன்னான். நாற்பது ஆய்வகங்களின் கண்ணில் மண்ணைத் தூவியவன், அதில் முதல் பிடி மண்ணை வீட்டுக்குள்ளேயே தூவியிருந்தான். பதினோரு மாதம். அதற்குள் நான்கு தடவை அவள் தம்பியின் கோப்பை ஓட்டியிருக்கிறாள். நான்கு தடவையும் ஒன்றும் வரவில்லை என்று இவன் தோளில்தான் சாய்ந்திருக்கிறாள். இவனும் தட்டிக் கொடுத்திருக்கிறான்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ நேரா டாக்டர்கிட்ட போவே. அவரு நாலு பேரைக் கேப்பாரு. அவ்வளவுதான், விஷயம் வெளிய போயிடும். அதுவுமில்லாம, தெரிஞ்சா மட்டும் என்ன பண்ண முடியும்? இதுக்கு மருந்தே கிடையாது."

"பேப்பரைக் காட்டு."

"ஜர்னல்ல இன்னும் ஏத்துக்கல, திருத்தத்துல இருக்கு."

"காட்டுன்னேன்."

திரையைத் திருப்பினான். அவள் நின்றபடியே படித்தாள். ஒன்பதாம் நோயாளி, ஆண், இருபத்தாறு வயது. நடை தடுமாற்றம், பேச்சுக் குழறல். தம்பியின் ஒரு வருட அவஸ்தை ஒன்றரை வரியில் அடங்கியிருந்தது. கீழே உருட்டினாள். கடைசிக்கு முந்தின பக்கத்தில் ஒரு பத்தி இருந்தது. இந்த ஜீனில் பிழை உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பிட்ட வகை மாத்திரை கொடுத்தால் நரம்பு வேகமாகக் கெடுகிறது. சீக்கிரம் மாற்றியவர்கள் அதற்குமேல் கெடவில்லை. ஆகவே அந்த வகையைக் கட்டாயம் தவிர்க்க வேண்டும். அந்த வகை மாத்திரையைத்தான் தம்பி தினமும் இரண்டு வேளை விழுங்கிக்கொண்டிருந்தான்.

"இது உனக்கு எப்பத் தெரியும்?"

"மூணு மாசமா." குரல் இறங்கியது. "அது அஞ்சு பேரை வச்சு சொன்னது. அவ்வளவு சின்ன எண்ணிக்கையில எதையும் உறுதியாச் சொல்ல முடியாது."

"பேப்பர்ல உறுதியாத்தானே எழுதியிருக்கே."

"இன்னும் அஞ்சு வாரம்தான். ஏத்துக்கிட்டதும் நானே டாக்டர்கிட்ட பேசுறதா இருந்தேன். நம்ம ரெண்டு பேரோட ஏழு வருஷ உழைப்பு இது. உன் பேரும்தான் அதுல இருக்கு" என்றான்.

இருந்தது. இரண்டாவது பெயராக. அதையும் அவளைக் கேட்காமலேதான் போட்டிருந்தான்.

அவள் கத்தவில்லை. கத்தினால் உடைந்துவிடுவோம் என்று பயமாக இருந்தது. வெளியே வந்து மாடிப்படியில் நின்று நரம்பு டாக்டருக்குப் போன் போட்டாள். அவர் ஜீனின் பெயரை இரண்டு தடவை கேட்டு எழுதிக்கொண்டார். மாத்திரையைப் பற்றியும் சொன்னாள்.

"நீங்களா நிறுத்திடாதீங்க. திடீர்னு நிறுத்தினா அதுவும் ஆபத்து. இன்னைக்கே கூட்டிட்டு வந்துடுங்க. இங்க வச்சு மெதுவா மாத்துறேன்."

"போன கால் திரும்புமா டாக்டர்?"

"போனது போனதுதான்மா. இருக்கிறதைக் காப்பாத்தலாம்."

தன் இடத்துக்குத் திரும்பினாள். ஐந்நூற்றுப் பன்னிரண்டாவது வரி நீங்கிய சல்லடையை நாற்பது ஆய்வகங்களுக்கும் அனுப்பினாள். காரணம் எழுதும் கட்டத்தில், "இது இரைச்சல் அல்ல, வேண்டுமென்றே மறைக்கப்பட்டது" என்று எழுதித் தன் பெயரைப் போட்டாள். அந்தக் குழந்தைகள் டாக்டருக்கும் மாத்திரை விஷயத்தைத் தனியாக எழுதி, மன்னிப்பும் கேட்டுக்கொண்டாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் புள்ளி எழுந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான். ஐந்து வாரக் கணக்கு முடிந்துவிட்டது என்பது அவனுக்குப் புரிந்திருக்கும்.

தம்பி குடியிருந்தது இரண்டு பேருந்து நிறுத்தம் தள்ளி, தரைத்தளத்தில். சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து கதவைத் திறந்தான். ஜீனைக் கண்டுபிடித்தாயிற்று என்றதும் அவன் முகம் பத்தொன்பது வயதுக்குப் போய்விட்டது.

"அப்ப இது என் மண்டைக் கோளாறு இல்ல. பேரு இருக்கிற வியாதிதான்." வார்த்தைகளை ஒவ்வொன்றாக இழுத்துப் பிடித்துச் சொன்னான். "எப்பக்கா மாட்டுச்சு?"

பொய் சொல்லலாம் என்று ஒரு கணம் தோன்றியது. இன்றைக்கு வேறு யாருடைய பொய்யும் அவன் மேல் விழக்கூடாது என்று நினைத்தாள்.

"எனக்கு இன்னைக்குக் காலைல. உன் மாமாவுக்குப் பதினோரு மாசம் முன்னாடி."

முழுவதையும் சொன்னாள், மாத்திரையைத் தவிர. அவன் தலையைக் குனிந்துகொண்டு கேட்டான்.

"பேப்பர் போடணும்னு இருந்திருக்காரு" என்றான் கடைசியில். "போகட்டும்கா. முன்னாடியே தெரிஞ்சிருந்தாலும் நான் இப்படித்தானே ஆகியிருப்பேன்."

அதற்குமேல் அவளால் ஒளிக்க முடியவில்லை. மாத்திரையைப் பற்றிச் சொன்னாள். துணிமணி எடுத்துக்கொள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்றாள். டாக்டரிடம் காட்டுவதற்கு மாத்திரைப் பெட்டி எங்கே என்று கேட்டாள். அவன் இழுப்பறையைக் காட்டினான். பிரிக்காத புதுப் பெட்டி ஒன்று மேலே இருந்தது.

"மருந்துக் கடையிலேர்ந்து எப்பக் கொண்டாந்து குடுத்தாங்க?"

"கடையிலேர்ந்து யாரு வர்றா. மாமாதான் வாங்கிட்டு வருவாரு, மாசாமாசம். அக்காவுக்கு வேலை ஜாஸ்தி, இதையெல்லாம் அவகிட்ட சொல்லிட்டு இருக்காதேன்னாரு." அவன் கொஞ்சம் மூச்சு வாங்கினான். "இது ஞாயித்துக்கிழமை குடுத்தது. ஒரு வேளைகூட விடாதேன்னு சொல்லிட்டுப் போனாரு."

அவள் பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தாள். தம்பி அவள் முகத்தையே பார்த்தான். அவளைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியிருக்க வேண்டும். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, கோணலாகச் சிரித்தான்.

"மாத்திரை விஷயம் மாமாவுக்குத் தெரிஞ்சிருக்காதுக்கா. தெரிஞ்சா அவரு கையால எனக்கு வாங்கிட்டு வந்திருப்பாரா?"

"தெரியும்டா" என்றாள்.

தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்து, துணிமணி எடுக்கப் போனான்.