சனிக்கிழமைப் புரோட்டா

சங்கரேஸ்வரிக்குச் சர்க்கரை இருக்கிறது என்று தெரிந்த நாளிலிருந்து அவள் நாக்கு ஊருக்குப் பொதுச்சொத்தாகிவிட்டது. இலத்தூரில் அவளைப் பார்க்கிறவர்கள் சௌக்கியமா என்று கேட்பதை விட்டுவிட்டு, என்ன சாப்பிட்டீங்க என்று கேட்க ஆரம்பித்தார்கள். எதிர்வீட்டுக்காரி பாகற்காயைச் சாறு பிழிந்து குடிக்கச் சொன்னாள். பால்காரர் கருஞ்சீரகம் சொன்னார். ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரி, தன் இலைக்கு இரண்டாவது லட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டே, "அக்காவுக்குப் பாயாசம் ஊத்தாதீங்கப்பா, சுகர்" என்றாள். சங்கரேஸ்வரி அவளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வாளியோடு நகரப் போனவனை நிறுத்தி ஒரு கரண்டி வாங்கிக் குடித்தாள். சேமியாப் பாயாசம். பால் பற்றாமல் மாவுத் தண்ணீராக இருந்தது. இவ்வளவு மோசமான பாயாசத்துக்காகவா மல்லுக்கு நின்றோம் என்ற வருத்தம் பஸ்ஸில் வீடு வந்து சேரும்வரை அவளுக்கு இருந்தது.

தபால் ஆபீஸ் கவுண்டரில் உட்கார்ந்து ஓய்வு பெற்றவள் அவள். வேலைக்குப் போவதற்கு முன்னும் சமைத்தாள், வந்த பின்னும் சமைத்தாள். உளுந்தஞ்சோற்றில் பூண்டு குறைந்திருந்தால் மூடியைத் திறக்கும்போதே அவளுக்குத் தெரியும். தேங்காயின் தலைப்பால் ஊற்றிய பிறகு சொதி கொதித்துவிட்டதென்றால் வாசலில் நின்றே சொல்லிவிடுவாள். அவள் வீட்டுக்காரர் உச்சிமாகாளி பட்டாளத்தில் ஹவில்தாராக இருந்தவர். எதை வைத்தாலும் டிவியைப் பார்த்தபடி வழித்துத் தின்றுவிட்டுக் கை கழுவப் போய்விடுவார். எங்காவது வெளியே சாப்பிடலாமா என்று அவள் கேட்டால், "வீட்டுச் சாப்பாடு மாதிரி வருமா" என்பார். அதைச் சமைக்காதவர்கள்தான் அப்படிச் சொல்கிறார்கள் என்று சங்கரேஸ்வரி நினைத்துக்கொள்வாள். வெளியே சொன்னதில்லை. ஓய்வு பெற்ற பிறகு சொல்ல ஆரம்பித்தாள்.

தென்காசியில் அவளைப் பார்க்கிற டாக்டர் முஹ்ஸினா சின்ன வயசுக்காரி. பேச்சை மென்று விழுங்க மாட்டாள்.

"மாத்திரையை விடாதீங்க. நடங்க. காலைத் தினமும் பாருங்க, சின்னக் கீறல் இருந்தாலும் வந்துருங்க."

"புரோட்டா?"

"நல்லது இல்லம்மா."

"நல்லது இல்லன்னு தெரியும். சாப்பிடலாமா?"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எப்பவாவது. சின்னதா ரெண்டு. அன்னிக்கு ராத்திரி சோறு கெடையாது."

எப்பவாவது என்பதற்குச் சனிக்கிழமை என்று சங்கரேஸ்வரி பொருள் எடுத்துக்கொண்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் பஸ் ஏறித் தென்காசியில் இறங்கி, குற்றாலம் ரோட்டில் ஒலி முகம்மதுவின் கடை வரைக்கும் நடப்பாள். நடந்தால் பசி வரும், பசியோடு போனால்தான் ருசி தெரியும். முதல் நாள் அவள் தனியாக உள்ளே போனபோது சப்ளையர் திரை போட்ட ஃபேமிலி ரூமைக் கை காட்டினான். "குடும்பத்தை வீட்டுல விட்டுட்டு வந்திருக்கேன்" என்று சொல்லிவிட்டு முன்னாலேயே உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் புரோட்டாக் கல் தெரியும். உள்ளங்கை அகலத்துக்குச் சின்னப் புரோட்டா இரண்டு, நாட்டுக்கோழியை மிளகு போட்டு வதக்கிப் பிச்சுப் போட்டது ஒரு பிளேட், சால்னா கொஞ்சம், பச்சை வெங்காயம் நிறைய. புரோட்டாவைத் தானே பிய்ப்பாள். முதல் வாய் சால்னா இல்லாமல், அடுத்தது அதோடு. அவள் சாப்பிட்டு முடிப்பதற்குள் பக்கத்து மேஜையில் இரண்டு கூட்டம் மாறிவிடும். ஒருநாள் கல்லாவில் இருந்த ஒலி முகம்மதுவிடம், "பாய், இன்னைக்குச் சால்னாவுல கசகசா கூடிட்டு" என்றாள். அவர் உள்ளே போய் ருசி பார்த்துவிட்டு வந்து தலையை ஆட்டினார். அன்றிலிருந்து அவளுக்கு ஆச்சி என்று தனி மரியாதை.

இது மகன் காதுக்குப் போனது விஜய்பாண்டியால். மகன் இசக்கிதுரை சப் இன்ஸ்பெக்டர். பெண்டாட்டி வேல்விழியோடு தென்காசியில் போலீஸ் குவார்ட்டர்ஸில் இருந்தான். அவனுக்குக் கீழே வேலை பார்க்கிற கான்ஸ்டபிள்தான் விஜய்பாண்டி. பார்சல் வாங்க வந்தவன், அய்யாவின் அம்மா எலும்பைக் கடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுப் போய் நல்ல மனசோடு சொல்லிவிட்டான். இசக்கிதுரை போனில் கத்தினான். சங்கரேஸ்வரி முழுதையும் கேட்டுவிட்டு, "சரி, வைக்கட்டா" என்று வைத்துவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை நல்ல சாரல். அருவியில் குளித்துவிட்டு ஈரத்தலையும் கொலைப்பசியுமாக வந்தவர்கள் கடை வாசலில் இடத்துக்கு நின்றுகொண்டிருந்தார்கள். சங்கரேஸ்வரிக்கு இடம் கிடைத்தது. சப்ளையர் இலையைப் போட்டான், தண்ணீர் தெளித்தாள். கல்லாவிலிருந்து யாரோ கூப்பிட, அவன் போய்விட்டு வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் இலையை எடுத்துக்கொண்டு போனான்.

பிறகு ஒலி முகம்மதே வந்தார். "ஆச்சி, புரோட்டா தீந்துட்டு."

கல் நிறையப் புரோட்டா எண்ணெயில் முறுகிக்கொண்டிருந்தது. மாஸ்டர் வெந்ததை அடுக்கி இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருந்தார்.

"அங்கன கல்லுல கெடக்கது என்னது பாய்?"

"அது பார்சலுக்கு."

"அப்ப எனக்கும் பார்சல் கட்டுங்க. இங்கன வச்சே பிரிச்சுக்கிடுதேன்."

ஒலி முகம்மது தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். குனிந்து மெதுவாகச் சொன்னார். "எஸ்.ஐ. சார் வந்துட்டுப் போனாரு ஆச்சி. உங்களுக்கு ஒண்ணும் போடக் கூடாதுன்னுட்டாரு. உங்க உடம்புக்குத்தான் சொல்லுதாரு. நானும் நாளைப்பின்ன கடை நடத்தணும்லா."

மெதுவாகத்தான் சொன்னார். ஆனாலும் இரண்டு பக்க மேஜைக்கும் கேட்டுவிட்டது. சங்கரேஸ்வரிக்குக் காது இரண்டும் கொதித்தன. கவுண்டரில் இருந்த காலத்தில் எத்தனையோ பேர் அவள்மேல் கத்தியிருக்கிறார்கள், அப்போதெல்லாம் மேஜைக்கு அந்தப் பக்கம் அவளுக்கு ஒரு நாற்காலி இருந்தது. இப்போது போட்ட இலையையே எடுத்துவிட்டார்கள். எழுந்து போய்விடலாம் என்று கால் தவித்தது. இன்றைக்கு எழுந்தால் இனி எந்தக் கடையிலும் உட்கார முடியாது என்றும் தோன்றியது. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள்.

"உங்க மேல எனக்குக் கோவம் இல்ல பாய். சீனி இல்லாம ஒரு டீ குடுங்க. நான் இருக்கேன்."

மகனுக்குப் போன் போட்டாள். "துரை, பாய் கடையில இருக்கேன். எனக்குப் போடக் கூடாதுன்னு நீ சொன்னியாம்லா. அதை வந்து எனக்கு முன்னால சொல்லு."

"எம்மா, அருவியில டூட்டியில நிக்கேன். கூட்டம் நெரியுது."

"மெதுவா வா. நான் எங்கயும் போகல."

எதிர்ப்பக்கத்தில் வெளியூர்க் குடும்பம் ஒன்று வந்து உட்கார்ந்தது. அந்தப் பெண் தன் பிள்ளைக்குப் புரோட்டாவைப் பிய்த்துப் போட்டுக்கொண்டே, "நீங்க சாப்பிடலையா" என்று கேட்டாள்.

"எனக்குப் போட மாட்டாவளாம்."

"ஏன்?"

"எம்மவன் போலீஸ்."

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை. வெங்காயத்தை இவள் பக்கம் கொஞ்சம் தள்ளி வைத்தாள். சங்கரேஸ்வரி அதைத் தொடவில்லை. டீ ஆறி ஆடை கட்டியது. கோழி வாடை அவள் மூக்கைச் சுற்றிச் சுற்றி வந்தது. வைராக்கியத்துக்கும் பசி உண்டு என்று அப்போது அவளுக்குத் தெரிந்தது.

அவர்கள் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் ஜீப் வந்தது. விஜய்பாண்டி ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை. இசக்கிதுரை மழைக்கோட்டில் நீர் சொட்ட உள்ளே வந்தான். காக்கியைப் பார்த்ததும் கடைக்குள் பேச்சு தணிந்தது.

"எம்மா, எந்திரி. வீட்டுல போயிப் பேசுவோம்."

"வீட்டுல வந்தா சொன்ன? கடையிலதான சொன்ன. இங்கனயே பேசு."

அவன் சுற்றிலும் பார்த்தான். தொப்பியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தான். அவன் பேச ஆரம்பித்தபோது சத்தம் போடவில்லை, அதுதான் அவளுக்கு ஆச்சரியம்.

"தாத்தாவுக்கு என்ன ஆச்சுன்னு உனக்குத் தெரியாதா? காலை எடுத்துட்டு ஆஸ்பத்திரியில இருந்து கொண்டு வந்தப்ப நான் ஏழாங்கிளாஸ். கட்டில்ல போர்வை ஒரு பக்கம் மட்டும் தட்டையாக் கெடந்துச்சு. உன் பேரைச் சொல்லி யாராவது போன் பண்ணினா எனக்கு முதல்ல அந்தப் போர்வைதான் ஞாபகம் வருது."

இதை அவன் ஒருநாளும் சொன்னதில்லை. சங்கரேஸ்வரியின் கோபம் ஒரு படி இறங்கியது. இறங்கின படியிலேயே நின்றும் கொண்டது.

"எங்கப்பாவுக்குக் கால் போனது எதனால, சொல்லு."

"சுகர்."

"சுகர்தான். ஆனா ஏன் அம்புட்டு முத்துச்சு? வீட்டுல ஆளாளுக்கு அவரைக் காவல் காத்தோம். மனுசன் திருடித் தின்ன ஆரம்பிச்சாரு. சட்டைப் பையில வச்ச அல்வாவுல எறும்பு மொய்ச்சு, அதுக்கும் ஏசினாவ. பெறவு குதிங்கால்ல புண்ணு வந்துச்சு. அதையும் ஒளிச்சுட்டாரு, என்னத்தத் தின்னேன்னு கேப்பாவளேன்னு. நாத்தம் வந்த பெறவுதான் எங்களுக்குத் தெரியும். தின்னதுக்கு மாத்திரை இருந்துச்சு துரை. ஒளிச்சதுக்கு மருந்து இல்ல."

சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, வலது காலைத் தூக்கிப் பக்கத்து நாற்காலியில் அவன் பார்க்கும்படி வைத்தாள். சேலையைக் கணுக்கால்வரை ஒதுக்கினாள். "பாரு. தினமும் கண்ணாடி வச்சுப் பாக்குதேன். ஒரு கீறல் கெடையாது. இடதும் காட்டட்டா?"

"எம்மா, காலைக் கீழ போடு. எல்லாரும் பாக்குதாவ."

"பாக்கட்டும். நான் என்ன திங்கேன்னும் பாக்கட்டும். அதுக்குத்தான் ரோட்டு மேல, வெளிச்சத்துல உக்காந்து திங்கேன். நீ கதவைச் சாத்துனா நானும் எங்கப்பா மாதிரித் திருடத்தான் செய்வேன். எது வேணும் உனக்கு?"

இசக்கிதுரை அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கல்லாப் பக்கம் திரும்பி, "பாய், அம்மாவுக்கு என்ன வேணுமோ குடுங்க" என்றான்.

"வேண்டாம் பாய்" என்றாள் சங்கரேஸ்வரி.

ஒலி முகம்மது பாதி வழியில் நின்றுவிட்டார்.

"அவன் சொன்னா நிறுத்துவீங்க, அவன் சொன்னா போடுவீங்கன்னா அது எனக்கு வேண்டாம். நான் கேக்கேன். இஷ்டம் இருந்தா எனக்காகப் போடுங்க, இல்லன்னா நான் வேற கடைக்குப் போறேன்."

ஒலி முகம்மது ஒருமுறை அவனைப் பார்த்தார், ஒருமுறை அவளைப் பார்த்தார். உள்ளே போய் அவரே ஒரு இலையை எடுத்து வந்து விரித்தார். "தப்புதான் ஆச்சி. என்ன வைக்கட்டும்?"

"சின்னப் புரோட்டா ரெண்டு. பிச்சுப்போட்டது ஒண்ணு. வெங்காயம் கூட." கொஞ்சம் நிறுத்திவிட்டு மகனைப் பார்த்தாள். அவன் உதடு குளிரில் வெளுத்திருந்தது. "நீ எப்ப சாப்பிட்ட?"

"காலையில."

"அவனுக்கும் ஒரு இலை போடுங்க."

அவன் தின்றான். அப்பாவைப் போலவே, இலையைப் பார்க்காமல், வாசலையும் போனையும் பார்த்தபடி அள்ளிப் போட்டுக்கொண்டான். அவள் இரண்டாவது புரோட்டாவைப் பிய்ப்பதற்குள் அவன் இலை காலி. "ஏலே, என்ன ருசின்னாவது தெரிஞ்சுச்சா?" என்று கேட்டாள். அவன் அப்போதுதான் இலையைப் பார்த்தான். கோபம் முழுதும் தீராத முகத்தோடு எழுந்து, மழைக்கோட்டை மாட்டிக்கொண்டு டூட்டிக்குப் போனான். இரண்டு வாரம் போன் பண்ணவில்லை. அவளும் பண்ணவில்லை.

அடுத்த ரத்தப் பரிசோதனை அப்படியொன்றும் மெச்சும்படி இல்லை. டாக்டர் முஹ்ஸினா கடிந்துகொண்டாள். எங்கே குறைக்கலாம் என்று இருவருமாகப் பார்த்ததில், அகப்பட்டது மத்தியானச் சோறு. பாதியாக்கினாள். நாலு மணி பிஸ்கட்டை நிறுத்தினாள், அதை அவள் ஒருநாளும் ருசித்துத் தின்றதில்லை. சனிக்கிழமையை டாக்டர் கேட்கவும் இல்லை, இவள் கொடுக்கவும் இல்லை. அதற்கடுத்த பரிசோதனையில் கொஞ்சம் இறங்கியிருந்தது. அதை யாருக்கும் போன் போட்டுச் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொள்ளவில்லை.

சாரல் நின்றுபோயிருந்த ஒரு சனிக்கிழமை, தென்காசியில் அவள் பஸ்ஸை விட்டு இறங்கியபோது வேல்விழி நின்றுகொண்டிருந்தாள்.

"அத்தை, நானும் வரட்டா?"

"துரை அனுப்புனானா, என்னைப் பாத்துக்கிடச் சொல்லி?"

"இல்ல அத்தை. அவுக டூட்டிக்குப் போயிட்டாக. எனக்கே வரணும்னு இருந்துச்சு. கல்யாணம் ஆன நாள்ல இருந்து நான் கடையில சாப்பிட்டது எல்லாம் அவுக ஆர்டர் பண்ணினதுதான்."

இருவரும் நடந்தார்கள். கடையில் முன்பக்க மேஜையில் உட்கார்ந்தார்கள். சப்ளையர் இரண்டு இலை போட்டுவிட்டு, வேல்விழியிடம் என்ன வேண்டும் என்று கேட்டான். அவள் வழக்கம்போலத் திரும்பி அத்தையின் முகத்தைப் பார்த்தாள்.

சங்கரேஸ்வரி ரோட்டில் போகிற லாரியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வேல்விழி சப்ளையர் பக்கம் திரும்பி, "காடை இருக்கா?" என்று கேட்டாள்.