முன்னால் நிற்பவரின் பேர்

கோமதித்தாய் என் புருஷனைவிட நாலு மாசம் மூத்தவள். அந்த நாலு மாசம் மட்டும் குறுக்கே வராமல் இருந்திருந்தால் இந்த வீட்டு அடுப்பை அவள்தான் மூட்டிக்கொண்டிருப்பாள். இதை நானாகச் சொல்லவில்லை. கல்யாணமாகி வந்த மூன்றாம் நாளே, கீரை ஆய்ந்துகொண்டு என் மாமியார் தங்கத்தாய் சொன்னதுதான்.

"பொண்ணு மூத்திருக்கக் கூடாதுல்லா. இல்லன்னா எங்க அண்ணன் மவள விட்டுட்டு சிவகிரிக்கு எதுக்குப் பொண்ணு பாக்கப் போறோம்?"

சிவகிரிக்காரியான நான் பக்கத்தில்தான் முருங்கைக் குச்சியைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன். ஒரு பேச்சுக்குக்கூட நான் இருப்பதை அந்த அம்மாள் கணக்கில் எடுக்கவில்லை.

சரி, மூத்தவள் மூத்தவளாக ஒதுங்கியிருந்தாளா என்றால் அதுவும் இல்லை. புளியங்குடியில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சர் வேலை. கல்யாணம் வேண்டாம் என்று இரண்டு வரனைத் திருப்பி அனுப்பியிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ஆனால் சங்கரன்கோவிலில் அவள் அப்பா பிச்சையா மாமாவின் தோப்புக்கு வந்துவிடுவாள். என் வீட்டுக்காரரும் தாலுகா ஆபீஸ் களைப்பையெல்லாம் மறந்து, காலைப் பலகாரம் இறங்கியதும் சைக்கிளை எடுத்துவிடுவார். எல்லாம் அந்தத் தட்டு விளையாட்டுக்காக.

தட்டைக் கொண்டுவந்தது தாவீது அண்ணன். என் வீட்டுக்காரரின் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர். கப்பலில் எஞ்சின் வேலை பார்த்துவிட்டு எண்பதாம் வருஷம் ஊரோடு வந்தவர். அமெரிக்காவில் ஒரு துறைமுக ஊரில், மரங்களுக்கு நடுவே கம்பம் நட்டு, சங்கிலி தொங்கவிட்டு, அதில் பிளாஸ்டிக் தட்டை எறிந்து விளையாடுவதைப் பார்த்திருக்கிறார். வரும்போது நாலு தட்டை வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். சங்கிலிக்கு இங்கே எங்கே போவது? பனையோலைக் கடகப்பெட்டிகளை இடுப்பு உயரத்தில் மரத்தோடு கட்டினார்கள். ஒன்பது மரம், ஒன்பது பெட்டி. ஒரு மரத்தடியில் நின்று அடுத்த மரத்துப் பெட்டிக்குள் தட்டைப் போட வேண்டும். யார் குறைவான எறியில் ஒன்பதையும் முடிக்கிறாரோ அவர் கெட்டிக்காரர்.

கேட்க லேசாக இருக்கும். அந்தத் தோப்பில் போய் எறிந்து பார்த்தால்தான் தெரியும். புளியமரம் கிளையைத் தரைவரை இறக்கியிருக்கும். இரட்டைப் பனைக்கு நடுவே ஓர் ஆள் ஒருக்களித்துத்தான் போகலாம். எலுமிச்சைக்குள் தட்டு விழுந்தால் எடுக்கிற கைக்கு முள் நிச்சயம். எட்டாவது மரத்துக்குப் பக்கத்தில் கிணறு வேறு. தட்டு எங்கே விழுகிறது என்று பார்க்க ஓர் ஆள் எப்போதும் முன்னால் போய் நிற்க வேண்டும். கண் கூர்மை என்று அந்த வேலை என் வீட்டுக்காரருக்குத்தான். எறிகிறவர் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பார். எதிர்முகமாக நின்றால் தட்டு தலையைத் தாண்டியபின் திரும்புவதற்குள் அது புதருக்குள் போய்விடுமாம்.

தட்டு சத்தமில்லாமல் வரும். அதனால் தாவீது அண்ணன் ஒரு சட்டம் போட்டிருந்தார். முன்னால் நிற்பவரின் பேரைச் சொல்லிக் கத்திவிட்டுத்தான் எறிய வேண்டும். பேர் காதில் விழுந்ததும் அந்த ஆள் தலையில் கையை வைத்துக் குனிந்துவிட வேண்டும். திரும்பிப் பார்க்கவே கூடாது. அவரே ஒரு தரம் திரும்பிப் பார்த்து முன்பல்லில் ஒரு மூலையை இழந்தவர்.

மாசி மாசம் முதல் தடவையாக நானும் சுக்குக் காப்பித் தூக்கோடு தோப்புக்குப் போனேன். போய் நின்றதும் காதில் விழுந்தது இதுதான்.

"ஏலே துரைப்பாண்டீ!"

கோமதித்தாயின் குரல். டிரில் டீச்சர் குரல் அல்லவா, பம்புசெட்டுக்கு அந்தப்பக்கம்வரை போயிற்று. என் வீட்டுக்காரர் புளியமரத்துக்குக் கீழே டக்கென்று குனிந்தார். தட்டு அவர் முதுகுக்கு மேலே சாய்ந்து வளைந்து போய்ப் பெட்டிக்குள் விழுந்தது. எனக்கு அந்தத் தட்டைப் பற்றி ஓர் அக்கறையும் இல்லை. அந்தப் பேர்தான் என்னை எரித்தது.

நான் அந்தப் பேரைச் சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்டாட்டியும் சொல்ல மாட்டாள். ரேஷன் கடையில் கார்டு யார் பேரில் என்று கேட்டால் பக்கத்து வீட்டுப் பூமாரியைத்தான் சொல்லச் சொல்வேன். பிள்ளை பிறந்துவிட்டால் அதன் பேரைச் சொல்லி அப்பனைக் கூப்பிடலாம். அதுவும் இன்னும் இல்லை. தாலி கட்டிக்கொண்டவள் வாயில் வரக்கூடாத பேர், கட்டிக்கொள்ளாதவள் வாயில் ஒரு நாளைக்கு நாற்பது தடவை வருகிறது. துரை என்கிறாள், பாண்டி என்கிறாள், கோபம் வந்தால் முழுசாக இழுக்கிறாள். கருப்பட்டியை வாயில் அடக்கிக்கொண்டிருப்பவள் மாதிரிதான் எனக்குத் தெரிந்தது.

சும்மா உட்கார்ந்து பார்க்க என்னால் முடியவில்லை. அடுத்த ஞாயிறு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நானும் எறிகிறேன் என்றேன். தாவீது அண்ணனுக்குச் சந்தோஷம். பிடிக்கவும் மணிக்கட்டைச் சுண்டவும் சொல்லித்தந்தார். மூன்றாவது மரத்தில் என் முறை வந்தது. என் வீட்டுக்காரர் தூரத்தில் முதுகு காட்டி நின்றார்.

"கூப்பிட்டுட்டு எறி தங்கச்சி" என்றார் தாவீது அண்ணன்.

"ஏங்க!" என்று கூப்பிட்டுவிட்டு எறிந்தேன்.

பக்கத்தில் நின்ற தாவீது அண்ணன் குனிந்தார். கோமதித்தாய் குனிந்தாள். காப்பி குடிக்க வந்த பிச்சையா மாமாவும் துண்டோடு குனிந்தார். குனிய வேண்டிய மனுஷன் மட்டும் நெட்டுக்குத்தாக நின்றார். அடுக்களையிலிருந்து கூடம்வரை போய்ப் பழகிய குரல் அது. தோப்பில் அவர் காது வரைக்கும் எங்கே போகும்? தட்டு அவர் காதோரம் உரசிக்கொண்டு போயிற்று. லேசாக ரத்தம் வந்தது.

நான் ஓடுவதற்குள் கோமதித்தாய் ஓடிவிட்டாள். அவள் கைக்குட்டை, அவள் கை, அவர் காது. நான் காப்பித் தூக்குப் பக்கத்தில் நின்றேன்.

"பேரச் சொன்னாத்தான் என்ன? வாயில புண்ணா?" என்று என்னைப் பார்த்தாள். உடனே அவளே சிரித்தாள். "சரி, நீ எறி செண்பகம். ஒனக்குப் பதிலா நான் கூப்பிடுதேன்."

எல்லோருக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. என் வீட்டுக்காரரும் காதைப் பிடித்துக்கொண்டு, "ஆமா, அது சரிதான்" என்றார். அந்த "சரிதான்" என்னை எப்படிச் சுட்டது என்று அவருக்குத் தெரியாது. அன்றிலிருந்து நான் எறியும்போதெல்லாம் கோமதித்தாய் என் தோளோடு தோளாக வந்து நிற்பாள். "துரை!" என்பாள். அவர் குனிவார். நான் எறிவேன். என் புருஷனைக் கூப்பிட எனக்கு ஓர் ஆள் வைத்திருக்கிற மாதிரி. ராத்திரி சோறு போடும்போது, "இனி நான் வரல" என்று ஒரு நாள் சொன்னேன். "ஏன், நல்லாத்தானே எறியுத?" என்றார். இந்த ஆம்பிளைகளுக்குக் காதில் அடிபட்டால்கூடப் புரியாது.

ஆடி வந்தது. தலை ஆடிக்கு அப்பா வந்து என்னைச் சிவகிரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். புதுச்சேலை, பால் பணியாரம், அம்மாவின் உபசரிப்பு எல்லாம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்குச் சோறு இறங்கவில்லை. இந்நேரம் எத்தனாவது மரத்தில் இருப்பார்கள், எத்தனை தடவை கூப்பிட்டிருப்பாள், ஆறாவது மரத்தில் அந்த இரட்டைப் பனைக்குள் தட்டு போனதும் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்திருப்பார்களா என்று உட்கார்ந்த இடத்தில் வெந்தேன். அம்மா தூங்கும்போது குத்துப்போணிப் பாத்திரத்தின் மூடியை எடுத்துக்கொண்டு போய்ப் புறவாசல் வேப்பமரத்தில் எறிந்தேன். மூடி நசுங்கியதுதான் மிச்சம். ஆனால் மணிக்கட்டு பழகிவிட்டது.

ஒரு நாள் பக்கத்து வயலில் பம்புசெட்டு ஓடுகிற சத்தத்தில் அந்தப் பேரையும் சொல்லிப் பார்த்தேன். "து" என்று வந்தது. அதற்கு மேல் நாக்கு எழும்பவில்லை. ஏதோ திருடுகிற மாதிரி சுற்றும் பார்த்தேன். ஒரு கோழிதான் நின்றது.

ஆவணி முதல் ஞாயிறு திரும்பவும் தோப்பு. தாவீது அண்ணன் ஜோடி ஆட்டம் என்றார். ஜோடிக்கு ஒரு தட்டு, மாற்றி மாற்றி எறிய வேண்டும். நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் யோசிக்கவே இல்லை.

"நானும் கோமுவும் ஒரு பக்கம். நீ தாவீது கூடச் சேந்துக்கோ. சமமா இருக்கும்."

நல்ல சமம். வாயைத் திறந்திருந்தால் அழுகை வந்திருக்கும். அவள் முன்னால் அழுவதைவிடக் கிணற்றில் குதிக்கலாம்.

அந்தக் கோபம் முழுக்கக் கையில் இறங்கிற்று. என் தட்டு புளியங்கிளைக்குக் கீழே புகுந்து போயிற்று, இரட்டைப் பனைக்குள் முட்டாமல் போயிற்று. தாவீது அண்ணன் உடைந்த பல் தெரியச் சிரித்து, "தங்கச்சி, சிவகிரியில என்னத்தச் சாப்பிட்ட?" என்றார். எட்டு மரம் முடிந்தபோது இரண்டு ஜோடியும் சமம். ஒன்பதாவது மரம் கடைசி எல்லையில் நிற்கிற வேம்பு. அவர்கள் ஐந்து எறியில் முடித்துவிட்டார்கள். நாங்கள் இரண்டு எறி எறிந்திருந்தோம். இப்போது என் முறை. இது பெட்டிக்குள் விழுந்தால் ஜெயம்.

வேம்புக்கு இந்தப்பக்கம் எலுமிச்சைக் கூட்டம். அதற்கு மேலே என் வீட்டுக்காரரின் தலையும் தோளும் மட்டும் தெரிந்தன. வழக்கம்போல முதுகைக் காட்டிக்கொண்டு பெட்டியைப் பார்த்து நின்றார். கோமதித்தாய் என் பக்கத்தில் வந்து தொண்டையைச் செருமினாள்.

"நீங்க கூப்பிட வேண்டாம் மதினி" என்றேன்.

"பின்னே யாரு கூப்பிடுவா? போன தடவ காது. இந்தத் தடவ கண்ணா?"

"ஒசத்தி எறிவேன். அவங்க தலைக்கு மேலே போயிரும்."

"வேண்டாம்ட்டி, நான்..."

அவள் முடிக்கும்முன் எறிந்துவிட்டேன். நல்ல எறிதான். உயரமாகத்தான் போயிற்று. ஆனால் போகிற வழியில் ஒரு காய்ந்த பனைமட்டை நீட்டிக்கொண்டிருந்ததை நான் பார்க்கவில்லை. தட்டு அதில் சடாரென்று பட்டு, கீழே சரிந்து, நேராக அவர் பிடரிக்குப் போயிற்று. கோமதித்தாய் மூச்சை இழுப்பது கேட்டது. அவள் வாய் திறப்பது ஓரக்கண்ணில் தெரிந்தது. இதையும் அவளுக்குக் கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

"துரைப்பாண்டி!"

என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரி இருந்தது. பிச்சையா மாமா பம்புசெட்டு ரூமிலிருந்து தலையை நீட்டினார். தாவீது அண்ணன் சிலுவை போட்டுக்கொண்டார்.

மூன்று வருஷமாகப் பேர் கேட்டதும் குனிந்து பழகிய மனுஷன் அன்றைக்குக் குனியவில்லை. கையைத் தலைக்குக் கொண்டுபோகக்கூட இல்லை. முழுசாகத் திரும்பி என்னைத்தான் பார்த்தார். தட்டு வருவது அவர் கண்ணில் படவே இல்லை. அது தோளில் பட்டுத் தெறித்து எலுமிச்சைக்குள் விழுந்தது. அதையும் அவர் கவனிக்கவில்லை.

"என்ன செண்பகம்?" என்றார்.

கூப்பிட்டதற்கு என்ன என்று கேட்கிறார். வேட்டியில் முள் மாட்டியதைக்கூட எடுக்காமல், எலுமிச்சையை விலக்கிக்கொண்டு என்னைப் பார்த்து வருகிறார். காது மடல் சுட்டது. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றேன்.

"ஏலே, குனியத் தெரியாதா?" என்று கோமதித்தாய் கத்தினாள். "நான் கூப்பிட்டா மட்டும் குனியுதல்லா?"

"நீ கூப்பிட்டா தட்டு வருதுன்னு தெரியும்" என்றார் அவளைப் பார்க்காமலே. "இவ கூப்பிட்டா எதுக்குன்னு எனக்கு என்ன தெரியும்?"

தாவீது அண்ணன் மெதுவாக, தட்டு ஆள் மேல் பட்டால் ஓர் எறி தண்டம் என்று சட்டத்தை ஞாபகப்படுத்தினார். அதன்பிறகு அவர் எறிந்ததும் பெட்டிக்குத் தப்பி எலுமிச்சைக்குள் விழுந்தது. நாங்கள் தோற்றுப்போனோம். நான் தட்டை எடுக்க எலுமிச்சைக்குள் குனிந்தபோது என் வீட்டுக்காரரும் கூடக் குனிந்தார். "இன்னொரு தடவ சொல்லு" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார். "போங்க" என்றேன்.

நிமிர்ந்தபோது கோமதித்தாய் எங்களையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவள்தான் ஜெயித்திருந்தாள். ஆனால் அந்த முகத்தை எனக்கு நன்றாகத் தெரியும். மாசியிலிருந்து என் வீட்டு நிலைக்கண்ணாடியில் தினமும் நான் பார்த்த முகம். பாவம் என்று எனக்குத் தோன்றியதாகச் சொன்னால் அது பொய். நல்லாப் பார்க்கட்டும் என்றுதான் நினைத்தேன்.