நாத்தனார் கொண்டுவந்த கன்றுகள்

குதிரைகள் மேய்கிற நிலத்தில் பேருக்கு ஒரு மரம் கிடையாது. வெயில் ஏறிவிட்டால் நான்கும் தண்ணீர்த் தொட்டியின் துண்டு நிழலுக்கு முட்டிமோதும். அதிலும் மூக்குத்தி என்கிற கிழட்டுப் பெட்டைக்கு வாய் சும்மா இருக்காது. கயிறு, துடைப்பம், லாடம் அடிப்பவரின் தொப்பி, எதையும் விட்டுவைத்ததில்லை.

நிலம் நாத்தனாருடையது. தம்பிக்கு வேலை போய், குடும்பம் நடுத்தெருவில் நின்றபோது, "சும்மா கெடக்குற எடம்தானே, குதிரை வெச்சுப் பொழைங்க" என்று சாவியைத் தூக்கிக் கொடுத்த மகராசி. அன்று காலை அவள் வண்டி நிறையக் கன்றுகளோடு வந்து இறங்கியதும் தம்பி மனைவிக்கு முதலில் நன்றி பொங்கியது. கன்றுகளைக் கண்டதும் பயம். அத்தனையும் அரளி.

"நானே கிளை ஒடிச்சு வளத்தது. வேலியோரமா வெச்சா பூத்துக் குலுங்கும், குதிரைக்கு நெழலும் ஆச்சு."

அரளி இலை ஒரு கைப்பிடி போதும், குதிரையைச் சாய்த்துவிடும். விவரம் தெரியாத புருஷன், அக்கா சொல்லி முடிப்பதற்குள் கடப்பாரையோடு குழி தோண்டக் கிளம்பிவிட்டான். இவ்வளவு செய்தவளிடம் எந்த வாயால் வேண்டாம் என்பது? இப்போது நட்டுவிட்டு, அவள் போனதும் பிடுங்கிவிடலாம் என்று தம்பி மனைவி மனசுக்குள் கணக்குப் போட்டாள்.

மூக்குத்தி அதுவரை காத்திருக்கவில்லை. வேலிக்கு மேலே கழுத்தை நீட்டி, வண்டியிலிருந்த ஒரு கொத்தைக் கவ்விவிட்டது. தம்பி மனைவி பாய்ந்து அதன் வாய்க்குள் கையை விட்டு, கடைசி இலை வரை இழுத்துப்போட்டாள்.

"அண்ணி, இது விஷம்."

நாத்தனாரின் முகம் சுண்டிப்போயிற்று. "முழுங்கிட்டாளா?"

"இல்ல."

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும். நீங்க இவ்வளவு செஞ்சிருக்கீங்க, எப்படி வேண்டாங்கறதுன்னு…"

"நல்லாருக்கு உன் ஞாயம். எடத்தக் குடுத்தது உன் வாய அடைக்கவா?"

அதற்குமேல் திட்டவில்லை. காய்ந்த இலையும் ஆகாது என்று தெரிந்ததும், புதுச் சேலையோடு மண்டிபோட்டு உதிர்ந்ததை எல்லாம் பொறுக்கினாள். மிச்சத்தைத் தார்ப்பாயால் இறுக்கக் கட்டி, வண்டிக்காரரிடம் நேராக நாற்றுப்பண்ணைக்கு விடச் சொன்னாள், தம்பி மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு.

பண்ணைக்காரர் பூவின் நிறத்தைச் சொல்ல ஆரம்பித்தார்.

"அதெல்லாம் இருக்கட்டும்ங்க. குதிரை தின்னா என்ன ஆகும்? அத மட்டும் சொல்லுங்க," என்றாள் நாத்தனார்.

மல்பெரியும் மூங்கிலும் தேறின. அப்புறம் அவளே ஆசையாக ஒரு அவகாடோ கன்றைத் தூக்கிவந்தாள். "பழமும் கெடைக்குமே."

தம்பி மனைவி கை நீட்டித் தடுத்தாள். "வேண்டாம் அண்ணி. இது இலையே குதிரைக்கு ஆகாது."

"அப்படிச் சொல்லு," என்று அவள் கன்றை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள். பின்னாலேயே நடந்தவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. நிலத்தின் சாவி கைக்கு வந்த அன்றுகூட அவளுக்கு மனசு இவ்வளவு குளிர்ந்ததில்லை.