நேரம் குறித்தவள்

எங்கோ ஒரு நட்சத்திரம் சாகும்போது சில நொடிகள் தெறிப்பது காமா கதிர் வெடிப்பு. மூன்று ஆண்டுகள் காத்துக் கிடந்து, அப்படி ஒன்றைத் தொடர்ந்து மங்கி மறையும் பின்னொளியைத் தொலைநோக்கியில் பிடித்தவள் நான். என் நோட்டை வாங்கிக் கட்டுரை எழுதிய பேராசிரியர் வரதராஜுலு, என் பெயரைப் போடவில்லை. கேட்டதற்கு, "நீ வெறும் நேரம் குறிச்சவதானேம்மா, செலின்" என்றார்.

அச்சில் வந்த கட்டுரையைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. "இன்னாடி, தனியா சிரிச்சிக்கினு கீற?" என்றாள், பட்டினப்பாக்கத்தில் மீன் விற்றுத் திரும்பியிருந்த அம்மா. நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

பத்து மாதம் கழித்து அடையாறில் அவருக்குப் பாராட்டு விழா. வெடிப்புக்கு ஐந்தரை மணி நேரம் கழித்தே பின்னொளி வந்ததாம். உலகில் எவரும் காணாத தாமதமாம். கைதட்டல் அடங்கியதும் எழுந்தேன்.

"வெடிப்பு நேரம் செயற்கைக்கோள் தந்தது. அது கிரீன்விச் நேரம். பின்னொளி நேரம், சார்?"

"அதுவும் கிரீன்விச்தான்."

"இல்ல சார். சுவர்க் கடிகாரத்தைப் பாத்து நான் எழுதினது. இந்திய நேரம். நாம கிரீன்விச்சுக்கு ஐந்தரை மணி நேரம் முன்னாடி."

முன்வரிசையில் ஒருவர் சிரித்தார். பிறகு அரங்கமே சிரித்தது. பேராசிரியர் மட்டும் மைக்கைப் பிடித்தபடி நின்றார்.

"நான் வெறும் நேரம் குறிச்சவதான், சார்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன்.